பேகன் மாணவர் மன்றம்: டெல்டாவிலிருந்து வந்த கேள்விகள்

இங்கிலாந்தில் ஆராய்ச்சிப் படிப்புக்குப் போயிருந்தபோது அங்கே பல்கலைக்கழகப் பேகன் மன்றத்தில் உறுப்பினராக இருந்தேன். இப்போது கும்பகோணத்தில் கல்லூரி ஆசிரியை. கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பியத் தெய்வங்களை வழிபடுகிறவர்கள், இயற்கையையே தெய்வமாகப் பார்க்கிறவர்கள், எதையும் முடிவு செய்யாமல் தேடிக்கொண்டிருக்கிறவர்கள் எல்லாரும் கூடுகிற இடம் அந்த மன்றம். அதைப் பற்றி நம் பக்கத்துக்காரர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

என் மகன் இங்கிலாந்தில் எம்.எஸ். படிக்கிறான். பேகன் கிளப்பில் சேர்ந்திருக்கிறானாம். கழுத்தில் ஐந்து முனை நட்சத்திரத்தோடு போட்டோ அனுப்பியிருக்கிறான். இது சாத்தானைக் கும்பிடுகிற கூட்டமா? (திருவாரூரிலிருந்து ஒரு தாய்)

இல்லை அம்மா. சாத்தான் கிறிஸ்தவ நம்பிக்கைக்குள் வருகிறவன். பேகன்களின் வழிபாட்டில் அவனுக்கு இடமே கிடையாது. அந்த நட்சத்திரத்தின் ஐந்து முனைகளுக்கும் மண், நீர், நெருப்பு, காற்று, ஆன்மா என்று பொருள் சொல்வார்கள். நம் பஞ்சபூதக் கணக்குக்கு ரொம்பப் பக்கம். அமெரிக்காவில் இறந்த ராணுவ வீரர்களின் கல்லறையில் அந்தச் சின்னத்தைப் பொறிக்க 2007-லேயே அரசு ஒப்புக்கொண்டுவிட்டது.

பயம் வந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இங்கிலாந்திலேயே 1735-ல் போட்ட சூனியச் சட்டம் 1951 வரை இருந்தது. அது போன பிறகுதான் ஜெரால்டு கார்ட்னர் என்பவர் 1954-ல் 'விக்கா' என்கிற, மந்திரமும் இயற்கை வழிபாடும் சேர்ந்த நவீன பேகன் வழியைப் பற்றி வெளிப்படையாகப் புத்தகம் எழுதினார். இளம் வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர் அவர். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்துச் சுமார் 74,000 பேர் தங்கள் மதத்தைப் பேகன் என்றும், 13,000 பேர் விக்கா என்றும் எழுதியிருக்கிறார்கள்.

பையனைத் திட்டாதீர்கள். "அங்கே என்னப்பா பண்றீங்க?" என்று கேளுங்கள். நல்ல கூட்டமாக இருந்தால் மறைக்காமல் சொல்வான்.

சரி, கூடி என்னதான் செய்வார்கள்? (பொறியியல் மாணவர், தஞ்சாவூர்)

பாதி நாள் பேச்சுதான், தம்பி. ஒரு வாரம் நார்ஸ் என்கிற பழைய ஸ்காண்டிநேவியத் தெய்வங்கள், ஒரு வாரம் குறி பார்க்கிற டாரோ சீட்டு, இன்னொரு வாரம் மூலிகை. அந்த நார்ஸ் தெய்வங்களைக் கும்பிடுகிறவரும், பழங்காலக் கெல்டியப் பூசாரிகளான ட்ரூயிட்களின் வழியில் போகிறவரும், எந்தத் தெய்வமும் இல்லை என்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள்.

சடங்கு என்றால், அக்டோபர் 31 ராத்திரி வரும் சவின் பண்டிகையைச் சொல்ல வேண்டும். அது இறந்தவர்களை நினைக்கிற நாள். மாணவர் சங்கக் கட்டடத்தில் ஒரு வகுப்பறையைக் கேட்டு வாங்கி, நாற்காலிகளை வட்டமாகப் போடுவோம். தீ எச்சரிக்கை மணி அடித்துவிடும் என்பதால் பேட்டரி விளக்குதான். நடுவில் ஒரு தட்டில் ரொட்டியும் ஆப்பிளும். ரொட்டி கைமாறி வரும்போது அவரவர் இழந்தவர் பெயரைச் சொல்லலாம், சொல்லாமலும் கடத்திவிடலாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தன் நாயின் பெயரைச் சொல்லி அழுதாள். யாரும் சிரிக்கவில்லை. நான் என் அப்பாயி பெயரைச் சொன்னேன். மகாளய அமாவாசைக்குக் காவிரிக் கரையில் நிற்கும்போது மனசு எப்படி இருக்குமோ அப்படித்தான் அன்றைக்கும் இருந்தது.

நான் நாத்திகன். சேர்த்துக்கொள்வார்களா?

தாராளமாக. மற்றவர் நம்பிக்கையை மதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அவர்களுடைய எட்டுப் பண்டிகைகளை நாங்களும் இங்கே கொண்டாடலாமா அக்கா? (மாணவி, மயிலாடுதுறை)

கொண்டாட யாரும் தடை சொல்ல மாட்டார்கள். ஆனால் தேதியை அப்படியே எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஆண்டு முழுக்கப் பரவி வருகிற அந்த எட்டு நாட்களும் அவர்கள் ஊர் வெயிலிலிருந்தும் வயலிலிருந்தும் வந்தவை. டிசம்பர் 21-ல் லண்டனில் பகல் 8 மணி நேரம்கூட இருக்காது. அங்கே சூரியன் திரும்புவது உயிர்ப் பிரச்சினை. கும்பகோணத்தில் அன்றைக்கும் 11 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் உண்டு.

இன்னொன்று பாருங்கள். ஆகஸ்ட் 1-ல் அவர்களுக்கு லாமஸ், முதல் கோதுமை அறுத்து ரொட்டி சுடுகிற நாள். ஒன்றிரண்டு நாளில் நமக்கு ஆடிப்பெருக்கு. ஆடிப்பட்டம் தேடி விதை என்கிற ஊர் நம்முடையது. அதே வாரத்தில் அங்கே அறுப்பு, இங்கே விதைப்பு. அவர்கள் சவின் கொண்டாடும்போது அங்கே அறுவடை முடிந்து வயல் காலி. நமக்கு ஐப்பசி அடைமழை, சம்பா பச்சையாக நிற்கும்.

அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, மண்ணைப் பார்த்து நாள் குறிக்கிற பழக்கம். ஜூன் 12 மேட்டூர் திறப்பு, ஆடி 18, உங்கள் ஊர்த் துலாக்கட்டத்தில் ஐப்பசி முழுக்கு, பொங்கல் என்று ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வந்தது, வராத ஆண்டு ஊர் என்ன செய்தது என்று விவசாயிகளிடம் கேட்டு எழுதி வையுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது சமயபுரத்துப் பச்சைப் பட்டினி விரதம். மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள், பக்தர்களுக்காக அம்மனே விரதம் இருக்கிறாள். சமைத்த நைவேத்தியம் கிடையாது, துள்ளு மாவும் இளநீரும் பானகமும்தான்.

அப்படியானால் எங்கள் ஊர் ஐயனாரும் பேகன் தெய்வமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், பாபநாசம்)

ஐயா, அந்தப் பெயரை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவர்கள் அவரைக் கும்பிடுகிறவர்கள்தான். நான் ஒட்டிவிட மாட்டேன். ஒற்றுமை இருப்பது உண்மை. ஆனால் அங்கே வழிபாடு பல நூற்றாண்டுகள் அறுந்துபோய், ஏட்டிலும் அகழாய்விலும் கிடைத்ததை வைத்துத் திரும்பக் கட்டுகிறார்கள். இங்கே மண்குதிரை செய்கிற வேளாரும் இருக்கிறார், பொங்கல் வைக்கிற குடும்பமும் இருக்கிறது. தஞ்சைப் பக்கம் புன்னைநல்லூரில் மூலவர் புற்றுமண் என்பதால் அபிஷேகமே கிடையாது, தைலக்காப்புதான். இதெல்லாம் இன்றும் நடக்கிற வழக்கம்.

எங்கள் கல்லூரியில் இப்படி ஒரு வட்டம் தொடங்க ஆசை. எப்படி? (கும்பகோணம், இரண்டாமாண்டு)

முதலில் ஒரு பேராசிரியரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கல்லூரி வளாகத்துக்குள்ளேயே, பகலில் கூடுங்கள். 'வழிபாடும் சூழலும்' என்பது போன்ற பெயரே போதும். ஒருவரே எப்போதும் தலைமை தாங்கக் கூடாது, வாரம் ஒருவர் நடத்தட்டும். இஸ்லாமிய, கிறிஸ்தவ நண்பர்களும் தயங்காமல் வந்து உட்காரும்படி இருக்க வேண்டும். நாகூர் தர்காவும் வேளாங்கண்ணியும் இதே டெல்டாவில்தானே இருக்கின்றன.

ஊர்க்கோயில்களுக்குப் போகும்போது சிலையையும் கொடையையும் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். யாருக்கு உள்ளே இடமில்லை, யார் தெருவுக்குத் தேர் வருவதில்லை என்பதையும் கேளுங்கள். அதைக் கேட்காத ஆன்மிகத் தேடலில் எனக்கு மரியாதை இல்லை.

இன்ஸ்டாகிராமில் ஒருவர் தீட்சை கொடுத்து விக்காவில் சேர்ப்பதாகச் சொல்கிறார். 15,000 ரூபாய் கேட்கிறார், தனியாக வரச் சொல்கிறார். போகலாமா? (மாணவி, மன்னார்குடி)

போகாதே அம்மா. பணம், ரகசியம், தனியே வா: இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே விலகிவிடு. எங்கள் மன்றத்தில் புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்வது, பிடிக்காத எந்தச் சடங்கிலிருந்தும் காரணம் சொல்லாமல் எழுந்து போகலாம் என்பது. விக்காவில் தனியாகவே வழிபடுகிறவர்கள் ஏராளம், அதற்கு யாருடைய தீட்சையும் வேண்டாம். அவர் அனுப்பிய செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொள், வீட்டிலோ நம்பிக்கையான ஆசிரியரிடமோ இன்றைக்கே காட்டு. ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் 1930 என்கிற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே பேசு.