பச்சை விழுந்தால் போதுமா? டெஸ்ட் கேள்வி-பதில்

டெஸ்ட் என்பது மென்பொருளைச் சோதிக்கும் சிறு புரோகிராம். பாஸானால் பச்சை காட்டும், ஃபெயிலானால் சிவப்பு.

கேள்வி: உள்ளூர் பனியன் கம்பெனிக்கு பில்லிங் மென்பொருள் எழுதுகிறோம். ஜிஎஸ்டி கணக்குக்கு எத்தனை டெஸ்ட் எழுதலாம்? (திருப்பூர்)

பதில்: எண்ணிக்கையை விடுங்கள், எல்லையைப் பிடியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைக்கு உருப்படி 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், தாண்டினால் 18. எல்லோரும் 700-க்கும் 4,000-க்கும் எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பிழை உட்கார்ந்திருப்பது 2,500-லும் 2,501-லும்தான். அந்தத் தேதிக்கு முந்தைய பில்லுக்கு கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் வரவுச் சீட்டு) போட்டால் பழைய விகிதம் வருகிறதா என்றும் பாருங்கள். அப்புறம், செலுத்தும் வரியில் 50 காசு இருந்தால் அடுத்த ரூபாயாக்கச் சொல்கிறது சட்டத்தின் 170-ஆம் பிரிவு. பைத்தான் மொழியில் முழு எண்ணாக்கித் தரும் ரவுண்டிடம் 2.5-ஐக் கொடுத்தால் 3 என்காது, 2 என்கும்.

கேள்வி: டெஸ்ட் வேலை செய்யவில்லை. என்ன செய்வது? (ஊர் போடவில்லை)

பதில்: என்ன மொழி, என்ன பிழைச்செய்தி, கடைசியாக எதை மாற்றினீர்கள்? எனக்கு ஜோசியம் தெரியாதுங்க.

கேள்வி: நைட் ஷிஃப்ட்டில் மட்டும் சில டெஸ்ட் ஃபெயில் ஆகிறது. காலையில் ஓட்டினால் பாஸ். (சரவணம்பட்டி)

பதில்: நள்ளிரவிலிருந்து காலை 5.30 வரைதானே? சர்வர் யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, அங்கே இன்னும் நேற்றைய தேதி. டெஸ்ட்டுக்குள் மெஷினிடம் மணி கேட்காதீர்கள், நேரத்தை வெளியிலிருந்து கொடுங்கள். ஏப்ரல் 1 அதிகாலை 2 மணி என்று கொடுத்துப் பாருங்கள், நிதியாண்டுக் கணக்கும் சேர்ந்து மாட்டும்.

கேள்வி: மேனேஜர் 90 சதவீதம் கவரேஜ் கேட்கிறார். சீக்கிரம் எட்ட வழி உண்டா? (பீளமேடு)

பதில்: உண்டு, அதுதான் கோளாறே. டெஸ்ட் ஓடும்போது அந்த வரியும் ஓடியதா என்பதற்கு மேல் கவரேஜுக்கு ஒன்றும் தெரியாது. விடை சரியா என்று அது பார்ப்பதே இல்லை. 90 கேட்டால் பையன்கள் ஃபங்ஷனைக் கூப்பிட்டுவிட்டு அசர்ட் (விடையைச் சரிபார்க்கும் வரி) போடாமல் நடையைக் கட்டுகிறார்கள். ஒரு கம்பெனியில் 'தள்ளுபடி சரி' என்ற பெயரில் ஒரு டெஸ்ட் பார்த்தேன். உள்ளே இரண்டே வரி: தள்ளுபடி விலையைக் கணக்கிடு, விடை காலியாக இல்லை என்று பார். புரோகிராமில் இருந்த கழித்தலைக் கூட்டலாக மாற்றி ஓட்டினேன். எல்லாம் பச்சை! தள்ளுபடி கேட்டவரிடம் கூடுதலாகப் பணம் பிடுங்கும் மென்பொருளுக்குக் கவரேஜ் 90-க்கு மேல். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டையை எண்ணிப் பார்த்து யாராவது விலை சொல்கிறார்களா? மஞ்சளைக் கையில் எடுத்து உடைத்துப் பார்க்கிறார்கள் இல்லையா?

புரோகிராமை இப்படிக் கெடுத்துப் பார்க்கும் வேலையைத் தானாகச் செய்ய ஜாவாவுக்கு பிட்டெஸ்ட், ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு ஸ்ட்ரைக்கர் இருக்கின்றன. கெடுத்ததில் எத்தனையை டெஸ்ட் பிடித்தது என்று சதவீதம் தரும். மேனேஜருக்கு எண் வேண்டுமென்றால் அந்த எண்ணைக் கொடுங்கள். கருவி இல்லையா, கையாலேயே ஒரு வரியைக் கெடுத்து ஓட்டுங்கள். சிவப்பே காட்டாத டெஸ்ட்டை நம்பாதீர்கள்.

கேள்வி: பட்டன் தெரியும்வரை ஸ்லீப் 5 (5 நொடி சும்மா நில்) போட்டிருக்கிறோம். 10 ஆக்கலாமா? (பொள்ளாச்சி)

பதில்: கூடாது. 300 டெஸ்ட் இருந்தால் இப்போதே 25 நிமிடம் சும்மா நிற்கிறீர்கள். பிரவுசரை ஓட்டிச் சோதிக்கும் கருவிகளில், செலினியத்தில் எக்ஸ்ப்ளிசிட் வெயிட் (பட்டன் வரும்வரை மட்டும் காத்திருப்பது) உண்டு, பிளேரைட் தானாகவே காத்திருக்கும். மாற்றியபின் பட்டனை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். சிவப்பு வர வேண்டும், மறுபடியும் சொல்கிறேன்.

கேள்வி: லாரி புக்கிங் ஆப். தகவலைச் சேமிக்கும் டேட்டாபேஸ் டெஸ்ட்டில் எஸ்க்யூலைட், நிஜத்தில் போஸ்ட்கிரெஸ். பரவாயில்லையா? (நாமக்கல்)

பதில்: வினை. எண் வர வேண்டிய எடைக் கட்டத்தில் 'பத்து டன்' என்று எழுத்தாகவே போட்டாலும் எஸ்க்யூலைட் வழக்கமாக வாங்கி வைத்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸ் எண் கேட்டுத் திருப்பி அனுப்பும். டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டியில் ஓட்டும் கருவி) போஸ்ட்கிரெஸ்ஸையே ஏற்றி ஓட்டுங்கள், நிஜத்தில் இருக்கும் அதே பதிப்பை.