போன்லெஸ் மோகமும் சக்கைக் கறியும்: பீஃப் கேள்வி-பதில்

இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல மாட்டுக்கறி பத்திதான். அதனால வாஷிங் மெஷின், இன்சூரன்ஸ் எல்லாத்தையும் அடுத்த தடவைக்கு தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: அண்ணா, நாங்க சென்னைல பெரம்பூர் பக்கம். நான் எப்பவும் போன்லெஸ்தான் வாங்குவேன், எலும்போட வாங்குறதவிட கிலோவுக்கு நல்லாவே ஜாஸ்தி. ஆனா ஏழெட்டு விசில் விட்டும் சில நாள் ரப்பர் மாதிரி இருக்கு, சில நாள் வெந்துடுது ஆனா சக்கையா இருக்கு, குழம்புல டேஸ்ட்டே இறங்க மாட்டேங்குது. மசாலாவ மாத்தணுமா, கடைய மாத்தணுமா?

பதில்: ரெண்டும் வேணாம்மா, கேக்குற கறிய மாத்துங்க. போன்லெஸ்னு மொட்டையா கேட்டா பெரும்பாலும் தொடைக்கறிதான் வரும். பார்க்க சுத்தமா, சவ்வு இல்லாம, கொழுப்பு இல்லாம அழகா இருக்கும், காசும் அந்த அழகுக்குத்தான். ஆனா குழம்புக்கு அந்த சவ்வும் கொழுப்பும்தான் வேணும். கழுத்துக்கறி, நெஞ்சுக்கறி, கீழ்க்கால் சதை, இதுல எல்லாம் வெள்ளையா சவ்வு ஓடியிருக்கும், நிறைய பேர் அதைப் பார்த்துட்டு "இது வேணாம் பாய், நல்ல கறியா போடுங்க"ன்னு தள்ளி விடுறாங்க. அது கொலாஜன். 70 டிகிரிக்கு மேல நிதானமா வேகுறப்ப கரைஞ்சு ஜெலட்டினா மாறி குழம்புல இறங்கும், சாப்பிட்டு முடிச்சதும் விரல் பிசுபிசுன்னு ஒட்டுதுல்ல, அது இதுதான். தொடைக்கறில கரையறதுக்கு அவ்வளவு சரக்கு இல்ல, ரொம்ப நேரம் வேகவெச்சா உள்ள இருக்குற தண்ணி வெளிய போயி நார் மட்டும் மிஞ்சும்.

இன்னொண்ணு, நம்ம ஊர்ல அறுக்கறது இளம் மாடு இல்ல. தமிழ்நாட்டுல 1958ல வந்த சட்டப்படி 10 வயசு தாண்டி வேலைக்கும் இனவிருத்திக்கும் ஆகாத மாட்டுக்கும், அடிபட்டோ தீராத நோயாலயோ நிரந்தரமா அப்படி ஆகிப்போன மாட்டுக்கும்தான் அறுக்கறதுக்கு சர்டிஃபிகேட் குடுப்பாங்க. வயசான மாட்டுல சவ்வு கெட்டியா இருக்கும், சீக்கிரம் கரையாது. வெளிநாட்டு வீடியோ பார்த்துட்டு அதே நேரக் கணக்குல இங்க செஞ்சா ரப்பர்தான் வரும். விசில் எண்ணாதீங்க, ஒவ்வொரு குக்கரும் ஒவ்வொரு மாதிரி விசில் அடிக்கும். முதல் விசில் வந்ததும் அடுப்ப சிம்ல வெச்சு 25, 30 நிமிஷம், பிரஷர் தானா இறங்கட்டும், திறந்து ஒரு துண்ட அமுக்கிப் பாருங்க, வேகலன்னா இன்னும் பத்து நிமிஷம். அதை ஒரு தப்பா நினைக்க வேணாம், மாட்டுக்கு மாடு வித்தியாசம் இருக்கும்.

காசு கணக்கும் சொல்லிடறேன். எலும்போட கிலோ 300, அதுல கால்வாசி எலும்புன்னு வெச்சுக்கங்க, அப்ப கறிக்கு மட்டும் கிலோ 400 ஆகுது. போன்லெஸ் 400க்கு கீழ கிடைச்சா லாபம்தான், 400க்கு மேலன்னா சுத்தம் பண்ற கூலிய சேர்த்து குடுக்குறீங்க, நல்லி ரசமும் போச்சு. கடைல போய், "பாய், குழம்புக்கு, கழுத்தும் நெஞ்சும் கலந்து, ரெண்டு நல்லி போட்டு குடுங்க"ன்னு சொல்லுங்க. என்ன சமைக்கப் போறோம்னு சொல்லி வாங்குறவங்களுக்கு கடைக்காரங்க பாத்துதான் வெட்டுவாங்க. தொடைக்கறிய சில்லி பீஃப் மாதிரி மெல்லிசா வெட்டி சட்டுன்னு பொரிக்கிறதுக்கு வெச்சுக்கங்க, நாருக்கு குறுக்கால வெட்டச் சொல்லுங்க. அண்டர்கட் (முதுகெலும்புக்கு அடியில இருக்குற மெத்துன்னு இருக்குற கறி) மட்டும் குக்கர்ல போட்டுடாதீங்க, அவ்வளவு காசு குடுத்து வாங்கி அதை சக்கை ஆக்கறது பாவம்.

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் ஹோட்டல்ல சாப்பிடற பீஃப் ஃப்ரை கருகருன்னு வாசனையா இருக்கு. வீட்டுல அதே ரெடிமேட் மசாலா வாங்கிப் போட்டாலும் சாம்பல் கலர்லதான் வருது. விலை கூடின மசாலா பிராண்டுக்கு மாறலாமா? இல்ல அவங்க கலர் பொடி போடுறாங்களா?

பதில்: எல்லா ஹோட்டலுக்கும் நான் ஜாமீன் நிக்க முடியாது, ஆனா அந்த கருப்புக்கு கலர் பொடி தேவையே இல்ல. உங்க வீட்டுல நடக்கறது என்னன்னா கறி வெந்த தண்ணியோட சட்டில போட்டு கிளறுறீங்க, தண்ணி இருக்குறவரைக்கும் சூடு 100 டிகிரிய தாண்டாது, கறி சிவந்து வாசனை வர்றதுக்கு 140க்கு மேல போகணும். அதனால மசாலாவுக்கு காசு கூட போடறதுக்கு பதிலா அடுப்புல நேரம் கூட போடுங்க.

சின்ன துண்டா வெட்டின கறில மஞ்சத்தூள், மல்லித்தூள், மிளகு, இஞ்சி பூண்டு, கொஞ்சம் உப்பு போட்டு பிசைஞ்சு தண்ணி ஊத்தாம (அடிப்பிடிக்கும்னு பயமா இருந்தா கால் டம்ளர்) குக்கர்ல வைங்க, கறியே தண்ணி விடும். வெந்ததும் அந்த சாறை தனியா வடிச்சு வெச்சுக்கங்க. இப்ப அகலமான இரும்பு சட்டில தேங்கா எண்ணெய் ஊத்தி தேங்காக் கொத்து, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை போட்டு, கொத்தோட ஓரம் சிவந்ததும் கறிய போடுங்க, ஒரேயடியா எல்லாத்தையும் கொட்டாதீங்க, சட்டி ஆறிடும். அடியில ஒட்ட ஆரம்பிக்கும்போது வடிச்ச சாறுல ஒரு கரண்டி விட்டு சுரண்டுங்க, வத்தினதும் இன்னொரு கரண்டி. இப்படியே சாறு தீர்ற வரைக்கும். அரைமணி நேரம் கூட ஆகும், அவசரப்பட்டா வராது. கடைசில பெருஞ்சீரகமும் மிளகும் புதுசா இடிச்சு தூவுங்க.

மசாலா பாக்கெட் வாங்கியே தீரணும்னா பிராண்ட் பேர் பார்க்காதீங்க, பின்னாடி திருப்பி சேர்மானத்த பாருங்க. எது எடைல அதிகமோ அதுதான் முதல்ல போட்டிருக்கணும், அதான் ரூல். பெரும்பாலும் மல்லிதான் முதல்ல இருக்கும், அது சரி. உப்பு மேல இருந்துச்சுன்னா மசாலா விலைக்கு உப்பு வாங்குறீங்கன்னு அர்த்தம்.

கேள்வி: நான் துபாய்ல பேச்சிலர் ரூம்ல இருக்கேன் சார். இங்க சூப்பர்மார்க்கெட்ல இந்தியா ஃப்ரோசன் பாக்கெட் ரொம்ப சீப், பாகிஸ்தான், பிரேசில், ஆஸ்திரேலியா கறியெல்லாம் விலை கூட. இந்தியா பாக்கெட் வாங்கினா ஏமாத்து வேலையா?

பதில்: ஏமாத்து இல்ல தம்பி, அது எருமைக்கறி. பசு, காளைக் கறிய ஏற்றுமதி பண்ண இந்தியாவுல அனுமதி கிடையாது, வெளிய போறது எருமைதான், பாக்கெட்லயே பஃபலோன்னு போட்டிருக்கும் பாருங்க. கறி கொஞ்சம் கருஞ்சிவப்பா இருக்கும், கொழுப்பு வெள்ளையா இருக்கும், மாட்டுக் கொழுப்பு மாதிரி மஞ்ச தட்டாது. கொழுப்பு கம்மிங்கறதால எண்ணெய் ஒரு கரண்டி கூட ஊத்துங்க, குழம்புக்கும் பிரியாணிக்கும் தாராளமா போதும். ஸ்டேக் போடணும்னா மட்டும் மத்தத பாருங்க.

பாக்கெட்ல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. டாப்சைட், சில்வர்சைட்னா தொடை. ஷின், ஷாங்க்னா கால், சக்னா கழுத்து-தோள்பட்டை, பிரிஸ்கெட்னா நெஞ்சு, இதெல்லாம் குழம்புக்கு. ஸ்டூ க்யூப்ஸ்னு வெட்டி வெச்சிருக்கறதுல பல இடத்துக் கறி கலந்திருக்கலாம், ஒண்ணு வெந்திருக்கும் ஒண்ணு வெந்திருக்காது, முழுத் துண்டா வாங்கி நீங்களே வெட்டிக்கங்க. அப்புறம் ஃப்ரோசன் கட்டிய காலைல சிங்க்ல போட்டுட்டு டியூட்டிக்கு போயிடறது பேச்சிலர் ரூம் வழக்கம், அந்த ஊர் சூட்டுல வேணாம். முந்தின ராத்திரியே ஃப்ரிட்ஜ்ல கீழ் தட்டுல ஒரு பாத்திரத்துல வெச்சிடுங்க.

கேள்வி: ஆப்ல ஆர்டர் பண்ண கறி பிரவுனா வந்துச்சு, பாக்கெட்ல ரத்தம் வேற. பழைய கறியா? அப்புறம் எங்க தெருக் கடைல ஒரு கிலோ வாங்கி வீட்டுல நிறுத்தா எண்ணூத்தி சொச்சம்தான் இருக்கு. என்ன பண்றது?

பதில்: கலர வெச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்க. காத்து பட்டா சிவப்பாகும், காத்து படாம அடைச்சு வெச்சா கருஞ்சிவப்பு, நேரம் ஆக ஆக பிரவுன், இதெல்லாம் கறிக்கு நிறம் குடுக்குற மயோகுளோபின்ங்கற புரதம் பண்ற வேலை. பாக்கெட்ல நிக்கற சிவப்புத் தண்ணியும் ரத்தம் இல்ல, அதேதான். புளிச்ச வாடை, தொட்டா வழவழன்னு கோந்து மாதிரி ஒட்டறது, இது ரெண்டுல ஒண்ணு இருந்தாலும் வாங்காதீங்க. கழுவி மசாலா போட்டா சரியாயிடும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. ஆப் பாக்கெட்ல பேக் பண்ண தேதி, எடை, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு) லைசென்ஸ் நம்பர் இருக்கான்னு பாருங்க, கெட்டுப் போயிருந்தா வெளிய கொட்டறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க, பில்ல வெச்சுக்கங்க.

எடை விஷயத்துல சண்டைக்கு போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க: நிறுத்துட்டு சுத்தம் பண்றாங்களா, சுத்தம் பண்ணிட்டு நிறுக்கறாங்களா? பல கடைல நிறுத்ததுக்கு அப்புறம்தான் கொழுப்பு, சவ்வு எல்லாம் வெட்டி ஓரமா தள்ளுவாங்க, அந்த எடைக்கும் நீங்கதான் காசு குடுக்கறீங்க. அந்த கொழுப்ப கேட்டு வாங்கிக்கங்க, உங்களோடதுதான், ஃப்ரைக்கு உருக்கிக்கலாம். தராசு சைபர்ல இருக்கா, முத்திரை இருக்கான்னும் பாருங்க. எல்லாம் பார்த்தும் குறையுதுன்னா தொழிலாளர் துறைல எடையளவு பாக்குற ஆபீஸ் இருக்கு, அங்க புகார் குடுக்கலாம், இல்லாட்டி தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் போடுங்க.

கேள்வி: கறி மெத்துன்னு ஆகறதுக்குன்னு டெண்டரைசர் பவுடர் விக்கிறாங்களே, வாங்கலாமா?

பதில்: அதுல இருக்கறது பெரும்பாலும் பப்பாளில இருக்குற பப்பைனும் (கறிய மெத்துன்னு ஆக்குற என்சைம்) உப்பும்தான். குக்கர்ல வைக்கிற கறிக்கு அது தண்டச்செலவு. கபாப், கிரில்னா பச்சை பப்பாளிய தோலோட ஒரு சின்ன துண்டு அரைச்சு தடவி அரைமணிலேர்ந்து ஒரு மணி நேரம் வைங்க, போதும். ராத்திரி முழுக்க ஊற வெச்சீங்கன்னா வெளிப்பக்கம் களி மாதிரி ஆயிடும், கம்பில குத்தவே நிக்காது. பவுடரே ஏற்கெனவே வாங்கிட்டீங்கன்னா மசாலால உப்ப குறைச்சுப் போடுங்க.