42க்கு 38: இந்த முன்னிலையை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: ஒரு கருத்துக்கணிப்பில் ‘அ’ கட்சிக்கு 42 சதவீதம், ‘ஆ’ கட்சிக்கு 38 என்று வந்தது. அதே வாரம் இன்னொன்றில் ‘ஆ’ 41, ‘அ’ 39. இரண்டிலும் ஆயிரம் பேரிடம்தான் கேட்டிருக்கிறார்கள். எதை நம்புவது? கட்சிகள் இதை வைத்து உண்மையிலேயே முடிவெடுக்கின்றனவா?

பதில்: இரண்டு கணிப்புமே ஒழுங்காக எடுக்கப்பட்டவையாக இருக்கலாம். ஆயிரம் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துக் கேட்டால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை விடை உண்மையிலிருந்து மூன்று புள்ளிக்குள் இருக்கும். 42 என்றால் 39 முதல் 45 வரை. ஆனால் முன்னிலைக்கு இந்த மூன்று போதாது. ஒருவருக்குக் கூடியது பெரும்பாலும் மற்றவரிடமிருந்து குறைந்தது என்பதால், இரண்டுக்கும் உள்ள இடைவெளியின் பிழை வரம்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும், இங்கே 5.5 புள்ளி. ஆகவே ‘அ’ கட்சி 9.5 புள்ளி முந்தியும் இருக்கலாம், 1.5 புள்ளி பிந்தியும் இருக்கலாம். செய்தித் தலைப்பில் இது வருவதேயில்லை.

பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு பேரைக் கேட்க வேண்டும். செலவு எகிறிவிடும் என்பதால்தான் பல நிறுவனங்கள் ஆயிரத்தை ஒட்டியே நின்றுவிடுகின்றன. அதில் தவறில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்தான். ஆனால் அடிவரை கிளறிவிட்டு எடுத்திருக்க வேண்டும். 1936 அமெரிக்கத் தேர்தலில் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் சுமார் ஒரு கோடி பேருக்கு அட்டை அனுப்பி, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, குடியரசுக் கட்சி வேட்பாளர் ஆல்ஃப் லாண்டன் வெல்வார் என்றது. ஆனால் அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். தொலைபேசி, கார் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து முகவரி எடுத்தது ஒரு கோளாறு; ரூஸ்வெல்ட்டைப் பிடிக்காதவர்களே மெனக்கெட்டுப் பதில் போட்டது இன்னொன்று. அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்து, கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் காலப் வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார். இணையத்தில் லட்சம் பேர் ‘கிளிக்’ செய்த வாக்கெடுப்பையும் இதே கண்ணோடு பாருங்கள்.

இன்று போனை எடுத்துப் பதில் சொல்பவர்கள் மிகக் குறைவு, இளைஞர்கள் இன்னும் குறைவு. அதைச் சரிக்கட்டத்தான் எடையிடுகிறார்கள். மக்கள்தொகையில் இளைஞர்கள் 24 சதவீதம், மாதிரியில் சிக்கியது 12 என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 60 சதவீதமும், மற்றவர்களில் 40 சதவீதமும் ‘அ’வை ஆதரித்தால், அப்படியே கூட்டினால் 42.4 வரும், ஒவ்வோர் இளைஞரையும் இரண்டு பேராக எண்ணி, மற்றவர்களை அதற்கேற்பக் குறைத்தால் 44.8. பதில்கள் மாறவில்லை, கணக்கு மாறியது. எந்தப் பண்பை வைத்து எடையிட்டார்கள் என்பதுதான் முக்கியம். 2016இல் அமெரிக்க மாநிலக் கணிப்புகள் பல, கல்வித் தகுதிக்கு எடையிடவில்லை; படித்தவர்களே அதிகம் பதில் சொன்னதால் டிரம்ப்பின் ஆதரவு குறைத்து மதிப்பிடப்பட்டது.

‘முடிவெடுக்காதவர்கள்’ என்ற வரியையும் தேடுங்கள். 42, 38, மற்றவை 8, முடிவெடுக்காதவர் 12 என்ற கணிப்பில் அந்த 12ஐ நீக்கி நூறாக்கினால், ‘அ’வுக்குக் கிட்டத்தட்ட 48 வந்துவிடும். ஒருவர்கூட மனம் மாறாமலேயே ஆறு புள்ளி ‘அலை’! கேள்வியின் வாசகமும் அப்படித்தான் விளையாடும். ‘அனுமதிக்கக் கூடாது’ என்பதற்குத் தலையாட்டுகிறவர்கள் எல்லோரும் ‘தடை செய்ய வேண்டும்’ என்பதற்குச் சம்மதிப்பதில்லை, பொருள் ஒன்றே என்றாலும்.

இனிக் கட்சிகள். அவை முடிவெடுப்பது பெரும்பாலும் தாங்களே காசு கொடுத்து எடுக்கும் கணிப்புகளை வைத்து. வெளியாகும் எண்ணுக்கு நன்கொடையாளர், தொண்டர் உற்சாகம், கூட்டணிப் பேரம் ஆகியவற்றில்தான் கூடுதல் மதிப்பு. 1960 அமெரிக்க அதிபர் தேர்தலில் வேட்பாளர் கென்னடிக்குக் கருத்துக்கணிப்பாளர் லூயிஸ் ஹாரிஸ் தனிக் கணிப்புகள் எடுத்துக் கொடுத்தார். உள்கணிப்பில் ‘யார் ஜெயிப்பார்’ என்பது சிறு பகுதிதான். மக்கள் எந்தப் பிரச்சினையை மனதில் வைத்து ஓட்டுப் போடப்போகிறார்கள், எந்த வாக்கியம் தயங்குபவரை அசைக்கிறது, எந்தத் தொகுதியில் பணத்தை இறக்கலாம், எதைக் கைகழுவலாம் என்பதே தேடல். ஒரு திட்டத்துக்கு 70 சதவீத ஆதரவு இருந்தும் அரசு அசையாததன் காரணமும் இங்கே இருக்கிறது: அந்த 70 பேரில் அதற்காக ஓட்டை மாற்றக்கூடியவர் சிலரே, எதிர்க்கும் 30 பேரோ அதற்காகவே ஓட்டுப் போடுபவர்கள் என்றால், தலைவர் அந்த முப்பதுக்குத்தான் பயப்படுவார். எனக்கு இது கவலை தரும் விஷயம். ஆதரவின் அளவை மட்டும் வெளியிட்டு, தீவிரத்தை வெளியிடாத கணிப்பு மக்களுக்குப் பாதி உண்மையைத்தான் தருகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது: களப்பணி நடந்த தேதி, மாதிரி எடுத்த முறை, கேள்வியின் முழு வாசகம், பணம் கொடுத்தவர் இந்நான்கையும் தேடுங்கள். இளைஞர், பெண்கள் என்று பிரித்துக் காட்டினால் அந்தப் பிரிவில் எத்தனை பேர் என்று பாருங்கள். 150 பேர் என்றால் பிழை வரம்பு எட்டுப் புள்ளி. ஒரே நிறுவனம் ஒரே கேள்வியை அடுத்தடுத்துக் கேட்டதை ஒப்பிடுங்கள், வெவ்வேறு நிறுவனங்களை அல்ல. கட்சியிலிருந்து ‘கசிந்த’ கணிப்பை ஒதுக்கிவிடுங்கள். பாதகமாக வந்தவை கசியவிடப்படுவதில்லை.