கிட்டங்கிச் சாவி கேட்கும் அப்பச்சி

கேள்வி: ஆச்சி, எங்கள் அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, வயது 71. மூளையின் உறையில் மெனிஞ்சியோமா என்ற கட்டி இருந்ததால் மதுரையில் ஆபரேஷன் செய்தோம். புற்று இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இப்போது ஐசியூவிலிருந்து அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். பகலில் நன்றாகப் பேசுகிறார். பொழுது சாய்ந்தால் வேறு ஆளாகிவிடுகிறார். இளவயதில் பினாங்கில், கடையும் தங்குமிடமும் சேர்ந்த கிட்டங்கியில் வேலை பார்த்தவர். "கிட்டங்கிச் சாவி எங்கே, மேலாள் வந்துருவாரு" என்று கட்டிலை விட்டு இறங்கப் பார்க்கிறார். சுவரில் எறும்பு ஊர்கிறது என்கிறார். என்னையே யாரென்று கேட்டுவிட்டார். ஆத்தாவோ, "புத்தி பேதலிச்சுருச்சுன்னு வெளியில தெரிய வேண்டாம், தம்பிக்குப் பெண் பார்க்கிற நேரம், டாக்டர்கிட்டகூடச் சொல்லாதே" என்று அழுகிறார். இதற்கு நடுவில் காரைக்குடியிலிருந்து பங்காளிகள் வேன் வைத்து வருகிறார்கள். நான் என்ன செய்வது?
- தேவகோட்டை வாசகி

பதில்: தங்கச்சி, உன் கடிதம் கைக்கு வந்ததுமே போனில் கூப்பிட்டு, இப்பவே போய் டூட்டி நர்ஸிடம் சொல் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே நிலைமையில் வாயை மூடிக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்திருக்கும் வேறு வீட்டாரும் இதைப் படிப்பார்கள்.

அப்பச்சிக்குப் புத்தி பேதலிக்கவில்லை. நீ எழுதியிருப்பதெல்லாம் டெலிரியம் என்று மருத்துவர்கள் சொல்வதோடு ஒத்துப்போகிறது. திடீரென்று வரும், ஒரே நாளில் கூடும் குறையும், இரவில் உச்சத்துக்குப் போகும், இல்லாதது கண்ணில் படும். வயதானவர்களுக்குப் பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு இது வருவது சகஜம். அப்பச்சிக்கோ கை வைத்த இடமே மூளை. உள்ளே வீக்கம், மயக்க மருந்தின் மிச்சம், வலி, இரவெல்லாம் எரியும் விளக்கு, மணிக்கொரு தரம் எழுப்பும் நர்ஸ் என்று எல்லாம் சேர்ந்துகொள்கிறது. வீக்கம் வற்றக் கொடுக்கும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டும் தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலைக் கிளப்பும். வலிப்பு வராமலிருக்கக் கொடுக்கும் லெவெடிரசெட்டம் சிலரைச் சிடுசிடுப்பாக்கும்.

பெரும்பாலும் சில நாளிலோ சில வாரத்திலோ இது தெளிந்துவிடும். ஆனால் தானாகத் தெளியட்டும் என்று மறைத்து வைப்பதுதான் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் இறங்கினாலும் இப்படித்தான் உளறுவார்கள். சிறுநீர் சரியாகப் போகாமல் நின்றாலும், மலச்சிக்கலானாலும், கிருமி தொற்றினாலும் அதே உளறல்தான். ஆபரேஷன் செய்த இடத்தில் ரத்தம் கசிந்தாலும், கை கால் இழுக்காமல் உள்ளுக்குள்ளேயே வலிப்பு ஓடினாலும் வெளியே தெரிவது இதே குழப்பம்தான். எது காரணம் என்பது டாக்டர் நேரில் பார்த்து, ரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் சிடி ஸ்கேனும், மூளையின் மின்னலையைப் பதியும் இஇஜியும் செய்தால்தான் தெரியும். அவற்றில் பலவற்றுக்கு மருந்து உண்டு, சிலவற்றுக்கு உடனே பார்த்தாக வேண்டிய அவசரம் உண்டு.

இன்னொன்றையும் யோசித்துப் பார். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருவது காலையில். அப்போது அப்பச்சி பல் தேய்த்து, திருநீறு கேட்டு, "நல்லா இருக்கேன் டாக்டர்" என்று கும்பிடுவார். அவரும் சந்தோஷமாகப் போய்விடுவார். இரவு நடந்தது உனக்கு மட்டும்தான் தெரியும். நீ சொல்லாவிட்டால் அந்தப் பாதி அவர்களுக்குத் தெரியவே தெரியாது. ஒரு சின்ன நோட்டு வாங்கி, எத்தனை மணிக்கு என்ன பேசினார், எவ்வளவு நேரம், தூங்கினாரா, சிறுநீர் போனாரா என்று எழுதி வைத்துக் காலையில் காட்டு.

நர்ஸ் வந்து கண்ணில் டார்ச் அடித்து, "உங்க பேரென்ன, இது எந்த ஊரு, என் கையை இறுக்கிப் பிடிங்க" என்று கேட்பதைப் பார்த்திருப்பாய். கிளாஸ்கோவில் 1974இல் வகுத்த ஓர் அளவுகோல் இருக்கிறது. கண் திறப்பது, பேசுவது, கை கால் அசைப்பது மூன்றுக்கும் சேர்த்து 15 மதிப்பெண். அது குறைகிறதா என்றுதான் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். நம் வீட்டார் பாசத்தில் என்ன செய்கிறோம்? "மதுரைன்னு சொல்லுங்க அப்பச்சி" என்று எடுத்துக் கொடுக்கிறோம். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதே. தப்பாகச் சொன்னால் தப்பாகவே பதியட்டும்.

இரவுக்குச் சில காரியங்கள். கண்ணாடி போடுபவரா, காதுக் கருவி வைப்பவரா? இரண்டையும் எடுத்துக் கொடு. அரைகுறையாகத் தெரிவதும் கேட்பதும்தான் பல சமயம் எறும்பாகவும் மேலாளாகவும் மாறுகிறது. பெரிய எண் போட்ட கடிகாரம் ஒன்றும் நாள்காட்டியும் கண்ணில் படும்படி மாட்டு. பகலில் திரையை விலக்கி வெளிச்சம் வரட்டும், உட்கார வையுங்கள், டாக்டர் சரி என்றால் நாலு அடி நடக்க வையுங்கள். இரவில் சின்ன விளக்கு போதும். டிவி வேண்டாம். துணைக்கு ஒரே ஆள், தெரிந்த முகம்.

சாவி கேட்டால் வாதாடாதே. "பினாங்கும் இல்லை கிட்டங்கியும் இல்லை, சும்மா படுங்க" என்றால் பயம்தான் கூடும். அதற்காக மேலாள் வந்து போனதாகக் கதையும் கட்ட வேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டு, "நான் உங்க மக. நாம மதுரையில ஆஸ்பத்திரியில இருக்கோம். ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது. நான் இங்கயேதான் இருக்கேன்" என்று மெதுவாகச் சொல். திரும்பக் கேட்டால் திரும்பச் சொல். இறங்கப் பார்த்தால் பெல் அடித்து நர்ஸைக் கூப்பிடு, நீ தனியாக இழுத்துப் பிடிக்காதே. அந்தத் தலையோடு அவர் கீழே விழக் கூடாது.

இனி பங்காளிகள். நம் பக்கத்து அன்பு அப்படித்தான், ஒரு வீட்டில் ஆபரேஷன் என்றால் ஊரே கிளம்பிவிடும். முகப்பும் பட்டாலையும் வளவும் வைத்துக் கட்டிய வீட்டில் எத்தனை பேர் வந்தாலும் தாங்கும். ஆஸ்பத்திரி அறை தாங்காது. ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசினால் வீங்கிய மூளையால் எதையும் பிரித்துக் கேட்க முடியாது. பகலில் வந்தவர்களோடு பேசிக் களைத்தால் இரவுக் குழப்பம் கூடும். இருமலும் சளியும் உள்ளவர்கள் வரவே கூடாது.

நீ தடுத்தால் வருத்தம் வரும். அதனால் பங்காளிகளில் வயதில் மூத்த, எல்லோரும் மதிக்கும் ஒருவரைப் பிடி. "அண்ணே, டாக்டர் ஒரு நேரத்துக்கு ஒருத்தர்தான்னு சொல்லிட்டாரு, வர்றவங்களை நீங்கதான் பார்த்துக்கணும்" என்று பொறுப்பை அவரிடம் கொடு. வேனில் வருபவர்களுக்கும் வேலை கொடு. ஆத்தாவை ஒரு நாள் ஊருக்குக் கூட்டிப்போய்த் தூங்க வைக்கலாம், இன்சூரன்ஸ் பேப்பர் பார்க்கலாம், உனக்குச் சாப்பாடு கொண்டுவரலாம். திருநீறு கொண்டுவந்தால் நெற்றியில் அள்ளிப் பூச வேண்டாம். தையல் இருக்கும் தலையில் பொடி விழக் கூடாது. மார்பிலோ கையிலோ இடட்டும்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. அரைத்தூக்கத்தில் இருப்பவருக்கு ஊட்டவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். நிமிர்த்தி உட்கார வைத்து, விழிப்பாக இருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. நெற்றிப்பொட்டுப் பக்கம் வெட்டியிருந்தால் மெல்லும்போது வலிக்கும், அதற்குக் குழைந்த சாதமும் பாலில் ஊறிய இடியாப்பமும் சரியாக இருக்கும். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், பசியையும் கிளப்பும். அதனால் கந்தரப்பமும் பால்பணியாரமும் இப்போதைக்கு வேண்டாம். உப்பை நீயாகக் குறைக்காதே, சோடியம் விஷயம் சொன்னேனே.

ஆத்தாவிடம் நான் சொன்னதாகச் சொல். வேலூரில் 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், சென்னைப் பொது மருத்துவமனையில் 1950இல் டாக்டர் பி. ராமமூர்த்தியும் மூளை அறுவைத் துறையைத் தொடங்கிய காலத்திலிருந்து எத்தனையோ பேர் இந்த ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியிருக்கிறார்கள். இந்த இரவுக் குழப்பம் வம்சத்தில் தொடர்வதல்ல. தம்பியின் சம்பந்தத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

வீட்டுக்குப் போன பிறகு எழுப்பினாலும் எழாத தூக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, வாந்தி, வலிப்பு, காய்ச்சல், கழுத்து விறைப்பு, குழறும் பேச்சு, கை கால் தளர்வு, மூக்கிலோ தையலிலோ தண்ணீர் போலக் கசிவது இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதே. ஸ்டீராய்டைப் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும், நீங்களாக நிறுத்தக் கூடாது. களைப்பு மாதக்கணக்கில்கூட இருக்கும், அதைச் சோம்பல் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

தெளிந்த பிறகு அப்பச்சிக்குச் சில இரவுகள் துண்டு துண்டாக ஞாபகம் வரலாம். கூச்சமாக இருக்கும், பயமாகவும் இருக்கும். அவராகக் கேட்டால் நடந்ததை உள்ளபடி சொல், மருந்தாலும் வீக்கத்தாலும் வந்தது என்றும் சொல். பேரப்பிள்ளைகள் சாவிக் கதையை நடித்துக் காட்டிச் சிரிக்க விடாதே. பினாங்கு நாட்களைப் பற்றி அவரே பேச ஆசைப்பட்டால், அப்போது பக்கத்தில் உட்கார்ந்து கேள்.