எல்.ஈ.டி. சிக்னல் ஏன் கெதியாக மின்னுகிறது? கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில் ஒரு கராஜில் மோட்டார் சைக்கிள் வயரிங் வேலை செய்கிறேன். எல்.ஈ.டி. சிக்னல் போட்ட பிறகு வந்த சிக்கல்கள் பற்றிப் பலர் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

கொக்குவிலிலிருந்து: அண்ணை, நாலு சிக்னலையும் எல்.ஈ.டி. ஆக்கினேன். இப்போது படபடவென்று மின்னுகிறது. லைட் பிழையா?

லைட்டில் பிழை இல்லை தம்பி. பழைய பல்ப் பெரும்பாலும் 10 வோற்ஸ். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று 20 வோற்ஸ். 12 வோல்ற்றில் கிட்டத்தட்ட 1.7 அம்பியர் இழுக்கும். உங்கள் பிளாஷர், அதாவது சிக்னலை விட்டுவிட்டு மின்னவைக்கும் சின்னப் பெட்டி, அந்த இழுவைக்கென்று செய்யப்பட்டது. ஒரு பல்ப் எரிந்துபோனால் இழுவை பாதியாகும், உடனே கெதியாக மின்னி உங்களுக்குக் காட்டிக்கொடுக்கும். எல்.ஈ.டி. ஒன்று இழுப்பதோ ஒன்றிரண்டு வோற்ஸ்தான். பல்ப் போய்விட்டது என்றே பிளாஷர் எடுத்துக்கொள்கிறது.

எல்.ஈ.டி.க்கென்று வரும் எலெக்ற்றோனிக் பிளாஷரை வாங்கி மாற்றுங்கள். அதன் வேகம் இழுவையைப் பொறுத்து மாறாது. மாற்றிய பிறகு 10 விநாடிக்கு எத்தனை தடவை மின்னுகிறது என்று எண்ணுங்கள். ஐ.நா. வாகன விதிகளில் உள்ள அளவு நிமிடத்துக்கு 60 முதல் 120. ஆகவே 10க்கும் 20க்கும் இடையில் வந்தால் சரி.

நெல்லியடியிலிருந்து: றெசிஸ்டர் (மின்தடை) போட்டாலும் சரியாகும் என்கிறார்களே? அது மலிவு.

சரியாகும். ஆனால் நான் போடமாட்டேன். 10 ஓம் றெசிஸ்டரை எல்.ஈ.டி.க்குப் பக்கத்தில் சமாந்தரமாகக் கொடுத்தால், எஞ்சின் ஓடும்போது 14 வோல்ற்றில், மின்னும் ஒவ்வொரு தடவையும் 20 வோற்ஸ் வரை வெறும் சூடாகப் போகும். பிளாஸ்ரிக் கவருக்குள் வயரோடு சேர்த்து ரேப் சுற்றிவிட்ட றெசிஸ்டர் வயரின் தோலை உருக்கியதைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். வேறு வழியே இல்லையென்றால் சேஸி இரும்பில் இறுக்கிப் பூட்டுங்கள், பிளாஸ்ரிக்கில் முட்டக்கூடாது.

சாவகச்சேரியிலிருந்து: நான் எல்.ஈ.டி. போடவேயில்லை. இடப்பக்கம் மட்டும் கெதியாக மின்னுகிறது.

அப்படியென்றால் பிளாஷரைத் தொடாதீர்கள். இடப்பக்கத்தில் ஒரு பல்ப் எரிந்திருக்கும், அல்லது வோற்ஸ் குறைந்த பல்ப் போட்டிருப்பார்கள், அல்லது எர்த் (கரண்ட் சேஸிக்குத் திரும்பிப் போகும் தொடுப்பு) போயிருக்கும். கடற்காற்றில் எர்த் பச்சை பிடிப்பது எங்கள் பக்கத்தில் சாதாரணம். பண்ணைப் பாலத்தால் தினமும் தீவுப்பக்கம் போய்வரும் பைக்குகளில் இதைத்தான் முதலில் பார்ப்பேன். ஹோல்டரையும் எர்த் நட்டையும் அரத்தாளால் உரஞ்சி, திரும்ப இறுக்கி, கொஞ்சம் கிறீஸ் பூசிவிடுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து: புது பிளாஷர் போட்டேன், வேகம் சரி. ஆனால் எந்தப் பக்கம் போட்டாலும் நாலு லைட்டும் மின்னுகிறது!

இது ஆபத்து. வலப்பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்பது பின்னால் வரும் பஸ்காரருக்குத் தெரியாது. திருத்தும் வரை அந்தப் பைக்கை றோட்டுக்கு எடுக்காதீர்கள்.

உங்கள் மீற்றரில் சிக்னலுக்கு ஒரேயொரு சின்ன லைட்தான் இருக்கும். அதன் ஒரு வயர் இடப்பக்கத்துக்கும் மற்றது வலப்பக்கத்துக்கும் போகிறது. இடப்பக்கம் போட்டால் கரண்ட் அந்தச் சின்ன லைட்டுக்குள்ளால் போய், வலப்பக்க பல்புகள் வழியாக எர்த்துக்கு இறங்கும். பழைய பல்பை எரியவைக்க அந்தச் சொட்டுக் கரண்ட் போதாது. எல்.ஈ.டி.க்கு அது தாராளம்.

இரண்டு டயோட் வாங்குங்கள், கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் சாமான் அது. 1என்4007 போதும், எலெக்ற்றோனிக் கடைகளில் சில்லறை விலைக்குக் கிடைக்கும். மீற்றர் லைட்டின் இரண்டு வயரையும் வெட்டுங்கள். இடப்பக்க வயருக்கு ஒரு டயோட், வலப்பக்க வயருக்கு ஒன்று. வெள்ளைக் கோடு உள்ள முனை இரண்டையும் ஒன்றாக்கி லைட்டின் ஒரு காலில் கொடுங்கள். மற்றக் காலை எர்த் பண்ணுங்கள். மீற்றரில் இருப்பதும் எல்.ஈ.டி. என்றால், டயோட் வரும் பக்கம் அதன் பிளஸ் ஆக இருக்கவேண்டும்.

சுன்னாகத்திலிருந்து: எலெக்ற்றோனிக் பிளாஷர் போட்ட பிறகு ஒன்றுமே மின்னவில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

அவசரப்படாதீர்கள் அண்ணா, முதலில் வயரை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். பழைய பிளாஷர்களில் பல எப்படிச் செருகினாலும் வேலை செய்யும். எலெக்ற்றோனிக் பிளாஷரில் பி (B) என்று போட்டிருக்கும் பின்னுக்கு, அதாவது வயர் செருகும் காலுக்கு, பற்றரியிலிருந்து வரும் வயர், எல் (L) என்பதற்கு சுவிச்சுக்குப் போகும் வயர். மூன்று பின் இருந்தால் ஈ (E) என்பது எர்த். மூன்று பின் வகையில் அந்தக் கால்கள் இருக்கும் ஒழுங்கு கொம்பனிக்குக் கொம்பனி மாறும். இடத்தைப் பார்த்துச் செருகாமல் எழுத்தைப் பார்த்துச் செருகுங்கள். அப்படியும் எரியாவிட்டால் லைட்டின் இரண்டு வயரையும் மாற்றிப் பாருங்கள். எல்.ஈ.டி. தலைகீழாகக் கொடுத்தால் எரியாது.

அரியாலையிலிருந்து: அப்பாவின் பழைய பைக், 6 வோல்ற். அதற்கும் போடலாமா?

12 வோல்ற் சாமான் அதில் ஒழுங்காக வேலை செய்யாது. 6 வோல்ற்றுக்கென்று கேட்டு வாங்குங்கள், பற்றரியும் நல்லதாக இருக்கவேண்டும். கிடைக்காவிட்டால் பழைய பல்பையே விட்டுவிடுங்கள். ஹோல்டரைத் துப்புரவாக்கினாலே நன்றாக எரியும்.

கோப்பாயிலிருந்து: லைட் வாங்கும்போது எதைப் பார்க்கவேண்டும்?

கடைக்குள் எல்லாமே பளிச்சென்றுதான் தெரியும். பற்றரியில் கொடுத்து வெளியே மத்தியான வெயிலில் காட்டச் சொல்லுங்கள். பத்து மீற்றர் தள்ளி நின்று, நேராகவும் பக்கவாட்டிலும் பாருங்கள். வெயிலில் தெரியாவிட்டால் வாங்கவேண்டாம்.