'இசட்' (1969): விறுவிறுப்பே குற்றமா? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, படம் பார்க்காதவர்களுக்காகக் கதையை ஒரே வரியில் சொல்ல முடியுமா?

ஒரு வரி போதாது தம்பி. 1963 மே மாதம், கிரீஸின் தெசலோனிகி. கிரிகோரிஸ் லாம்ப்ராகிஸ் என்ற எம்.பி. சமாதானக் கூட்டத்தில் பேசிவிட்டு வெளியே வருகிறார். மூன்று சக்கர வண்டியில் வந்த அடியாள் மண்டையில் போடுகிறான். ஐந்தாம் நாள் உயிர் போகிறது. இதைத்தான் வாசிலிஸ் வாசிலிகோஸ் நாவலாக்கினார், கோஸ்டா காவ்ராஸ் படமாக்கினார். படத்தில் நாட்டின் பெயர் வராது. ஆனால் 'நிஜ மனிதர்களைப் போல இருந்தால் அது தற்செயல் அல்ல, வேண்டுமென்றே செய்தது' என்று தொடக்கத்திலேயே எழுத்துப் போட்டுவிடுவார்கள்.

கேள்வி: அடித்தவன் யார் என்று கண்ணெதிரே தெரிகிறதே சார், இதில் மர்மம் எங்கே?

அனுப்பியது யார் என்பதில். படத்தில் போலீஸ் அதை விபத்து என்கிறது. விசாரணை நீதிபதி நூல் பிடித்துக்கொண்டே மேலே மேலே போகிறார்.

கேள்வி: விருதெல்லாம்?

பிரான்சின் கான் திரைப்பட விழாவில் நடுவர் பரிசு, நீதிபதியாக வந்த த்ரான்தின்யானுக்குச் சிறந்த நடிகர். ஆஸ்கரில் சிறந்த வெளிநாட்டுப் படம், சிறந்த படத்தொகுப்பு. வெளிநாட்டுப் படமாகப் போட்டியிட்டது அல்ஜீரியா சார்பில். அப்போது கிரீஸில் ராணுவ ஆட்சி, அங்கே படத்துக்கே தடை. படப்பிடிப்பு நடந்தது அல்ஜியர்ஸில்.

கேள்வி: இவ்வளவு கொண்டாடிய படத்தை யாருக்குத்தான் பிடிக்கவில்லை?

இடதுசாரி விமர்சகர்களுக்கு! அதுவும் பிரான்சில், 'கயே து சினிமா' என்ற திரைப்படப் பத்திரிகை வட்டாரத்தில். அங்கே மாணவர்களும் தொழிலாளர்களும் நடத்திய 1968 மே கிளர்ச்சியின் சூடு ஆறாத நேரம். அரசியல் படம் என்றால் எடுக்கும் விதமும் புதிதாக இருக்க வேண்டும், ஹாலிவுட் பாணித் துரத்தலில் அரசியலை ஊற்றிக் கொடுத்தால் அது சரக்கு விற்பனைதான் என்பது அவர்கள் வாதம். அமெரிக்காவிலோ நேர்மாறு. விமர்சகர் ரோஜர் ஈபர்ட் அந்த ஆண்டின் சிறந்த படம் என்றார். இன்னொரு விமர்சகர் பாலின் கேலுக்கும் அந்தப் பதற்றம் பிடித்திருந்தது. ஆனால் அது பழைய அமெரிக்க கேங்ஸ்டர் படங்களின் வாரிசு என்பதையும் அவர் கவனித்தார்.

என்னைக் கேட்டால், எதிர்த்தவர்கள் சொன்னதில் பாதி சரி. அதிகாரிகள் ஒவ்வொருவராகக் குற்றப்பத்திரிகை வாங்கிக்கொண்டு, பூட்டிய கதவைத் திறக்கப் பார்க்கும் காட்சியில் நாம் சிரிக்கிறோம். சிரித்ததும் பயம் போய்விடுகிறது. அடியாட்களில் ஒருவனின் ஓரினச் சேர்க்கையை அவன் கெட்டவன் என்பதற்கு அடையாளமாக்கியதும் இன்று பார்க்கக் கூசுகிறது. மற்றபடி, விறுவிறுப்பு இல்லாவிட்டால் லாம்ப்ராகிஸ் பெயர் நம் ஊர் வரை வந்திருக்குமா? படத்தொகுப்பாளர் பிரான்சுவாஸ் பொனோவின் கத்தரி வேகத்தில் ஓடும் அந்த விசாரணைக் காட்சிகளை நான் நான்கு முறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: இந்தியில் வந்ததா?

2012-ல் திபாகர் பானர்ஜியின் 'ஷாங்காய்', அதே நாவலிலிருந்து. அது நிதானமான படம், கொஞ்சம் பொறுமை வேண்டும்.

கேள்வி: அவ்வளவு நேர்மையான நீதிபதியெல்லாம் ரீல்தானே ஐயா?

ரியல்தான் அம்மா. பெயர் கிறிஸ்டோஸ் சார்ட்செடாகிஸ். ராணுவ ஆட்சி அவரைப் பதவியிலிருந்து தூக்கிச் சிறையிலும் வைத்தது. 1985-ல் கிரீஸின் ஜனாதிபதியானார். இதைப் படத்தின் கடைசியில் வைத்திருந்தால் விமர்சகர்கள் 'சினிமாத்தனம்' என்று கிழித்திருப்பார்கள்.