மகன் நிலக்கரிப் பக்கம் போகலாமா?

வணக்கம் ஐயா. பி.இ. மெக்கானிக்கல் முடித்த உங்கள் மகன், நெய்வேலியில் உள்ள தேசிய மின்சாரப் பயிற்சி நிறுவனத்தில் அனல் மின் நிலையப் பொறியியல் பட்டயம் படிக்க ஆசைப்படுகிறார். ஊரே சோலார் என்று ஓடும்போது இவர் மட்டும் நிலக்கரியைப் பிடித்துக்கொண்டு நிற்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் எதற்குப் போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும்.

நம் நாட்டில் தயாராகும் மின்சாரத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் இன்னும் நிலக்கரியில் இருந்துதான் வருகிறது. வடசென்னை அனல் மின் நிலையத்தின் மூன்றாம் கட்டத்தில் 800 மெகாவாட் அலகை, அதாவது பாய்லரும் டர்பைனும் சேர்ந்த ஒரு மின் உற்பத்தித் தொகுதியை, 2024-இல்தான் தொடங்கி வைத்தார்கள். உடன்குடியில் 660 மெகாவாட் அலகுகள் இரண்டு. இப்படி ஓர் அலகு ஓட ஆரம்பித்தால் 25 ஆண்டுக்குக் குறையாமல் ஓடும். நாடு நிகரப் பூஜ்ய உமிழ்வுக்கு, அதாவது காற்றில் விடும் கரியமில வாயுவும் திரும்ப உறிஞ்சப்படுவதும் சமமாவதற்கு, வைத்திருக்கும் இலக்கே 2070. அதற்காகப் பழைய நிலையங்கள் மூடப்படாது என்று சொல்ல மாட்டேன். 1962 முதல் ஓடிய நெய்வேலி முதல் அனல் மின் நிலையத்தை 2020-இல் நிறுத்திவிட்டார்கள். ஒரே ஊரில் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெறலாம் என்ற கணக்கு மட்டும் வேண்டாம்.

இன்னொன்று, சோலார் வந்ததால் அனல் மின் நிலைய வேலை குறையவில்லை, கடினமாகியிருக்கிறது. நண்பகலில் சோலார் கொட்டும்போது அலகின் லோடை, அதாவது மின் உற்பத்தி அளவை, 55 சதவீதம் வரை இறக்க வேண்டும். போகப்போக 40 வரை இறக்கச் சொல்கிறார்கள். வெயில் சாய்ந்ததும் மளமளவென்று ஏற்ற வேண்டும். இப்படி ஏற்றி இறக்கினால் பாய்லர் குழாய்களும் டர்பைனும் சூடாகி ஆறி, உலோகம் களைத்துப்போகும். அலகு டிரிப் ஆகாமல், அதாவது திடீரென்று தானாக நின்றுவிடாமல், இதைச் சமாளிக்கும் ஆளுக்கு மதிப்பு கூடிக்கொண்டுதான் போகிறது.

அதனால் மகனிடம் நிலக்கரியைக் கையாளும் பிரிவில் தேங்கிவிடாமல் பாய்லர், டர்பைன், கண்ட்ரோல் ரூம் பக்கம் சாயச் சொல்லுங்கள். அந்தக் கைப்பழக்கம் சர்க்கரை ஆலை, காகித ஆலை, உர ஆலை எங்கும் செல்லும். அணுமின் நிலையத்திலும் டர்பைனைச் சுழற்றுவது நீராவிதானே! வேலையில் சேர்ந்து அனுபவம் வந்ததும் பாய்லர் இயக்கப் பொறியாளர் தேர்வையும் எழுதட்டும்.

ஒரு விஷயத்தில் ஏமாந்துவிட வேண்டாம். அனல் மின் நிலையங்களில் இயக்கம், பராமரிப்புக்கு முறையாகப் பயிற்சி பெற்றவர்கள்தான் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதனால் பட்டயத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் என்டிபிசி, என்எல்சி போன்ற பொதுத்துறையில் பொறியாளராக நுழையப் பெரும்பாலும் கேட் (GATE) தேர்வு மதிப்பெண்தான் வழி. பட்டயம் மட்டும் கையில் இருந்தால் தனியார் நிலையம், இல்லையென்றால் ஒப்பந்த நிறுவனம். ஆகவே படிக்கும்போதே கேட் தேர்வுக்கும் தயாராகட்டும்.

சுழற்சி ஷிப்ட், இரவு விழிப்பு, தூசி, வெக்கை எல்லாம் இருக்கும். அது அவருக்கு ஒத்துவருமா என்று அவரையே கேளுங்கள், நீங்கள் முடிவு செய்ய வேண்டாம்.

கட்டணம் கட்டுவதற்கு முன், சென்ற ஆண்டு அங்கே முடித்த இரண்டு பேரிடம் அவரைப் பேசச் சொல்லுங்கள். வேலை கிடைத்ததா என்பதோடு விட்டுவிடாமல், சம்பளம் நிலையம் தருகிறதா, ஒப்பந்ததாரர் தருகிறாரா, பிஎஃப் எந்த நிறுவனத்தின் பெயரில் கட்டப்படுகிறது என்றும் கேட்கட்டும்.